வெள்ளிக்கிழமை மழை எங்கே போனது

மழை அளப்பவனுக்கு எழுத்து என்பது நாளுக்கு ஒரு எண். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான நாட்களில் அதுவும் சைபர்தான். அப்படிப்பட்ட ஒருவன் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடியிருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைமானி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று எங்கள் பிரிவு அலுவலர் கேட்டார். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

1. எட்டரை

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில், கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. பிரிவு அலுவலகம் என்பது ஓர் அறையும் ஒரு கம்பி வேலியும். வேலிக்குள் மழைமானி. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை. வேறொன்றும் கிடையாது. நான் காவலாள், பெருக்குகிறவன், மழை அளப்பவன், மூன்றும். தற்காலிக வேலைதான். தற்காலிகமாகவே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. ஊரில் என்னை மழைக்காரர் என்பார்கள். செல்வராசு என்பது வீட்டுப் பெயர் போல ஆகிவிட்டது.

முதல் நாள் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "எட்டரைன்னா எட்டரைதான். எட்டு இருபத்தொன்பதும் கெடையாது, எட்டு முப்பத்தொண்ணும் கெடையாது. நேத்து எட்டரையிலருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சது எல்லாம் இன்னைக்குத் தேதி. வெளங்குச்சா?"

விளங்கியது. திங்கள்கிழமை மத்தியானம் பெய்கிற மழை செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ஏறும். நாடு முழுக்க அப்படித்தான். இதை நான் தெரிந்துகொண்டேன். ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் குறிப்பில் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் அதுதான்.

சைபர் எழுதுவது எளிது என்று நினைக்காதீர்கள். வறண்ட மாதங்களிலும் தினமும் புனலைத் தூக்கி, பாட்டிலை எடுத்து, குடுவையில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். காலை வெயில் புனலுக்குள் இறங்கிச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு கருவேலம்பூ உதிர்ந்து கிடக்கும். சில நாள் ஓர் எறும்பு. குடுவையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகக் கண்மாய் வளைந்து தெரியும். தண்ணீர் இல்லாத கண்மாய் அந்தக் கண்ணாடிக்குள் மட்டும் கொஞ்சம் ஈரமாகத் தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். பிறகு சைபர் எழுதுவேன். இல்லாததை அளக்கப் பழகியவனுக்கு உலகம் ஒரு மாதிரி தூக்கத்திலேயே நடக்கும்.

2. ஏழு மணிக்கு வந்த தலைவர்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி வாக்கில் மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை எங்கள் ஊர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆடுகள் கத்தக்கூட மறந்து நின்றன. ஜனங்கள் வாசலில் இறங்கி வேண்டுமென்றே நனைந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வானம் கழுவிவிட்டாற்போல ஆகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அலுவலகத்து முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தேன். கண்மாய்ச் சங்கத் தலைவர் வந்தார். பல வருடமாக அவர்தான் தலைவர். எதிர்த்து யாரும் நின்றதில்லை. மடை ஷட்டரின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். யார் வயலுக்கு முதலில் தண்ணீர், யார் வயலுக்குக் கடைசி என்பது அந்தச் சாவிக்குத்தான் தெரியும்.

"என்ன மழைக்காரரே, மழ பெஞ்சும் சந்தோசமே இல்ல மூஞ்சியில?" என்றார்.

சிரித்தேன். 

"ரிஜிஸ்டரக் கொஞ்சம் காட்டுறது. சும்மா ஆசைக்குப் பாக்கத்தான்."

எட்டரை ஆகவில்லை, ரீடிங் எடுத்த பிறகு காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பெரிய மனிதர் கேட்கிறார், எப்படி மறுப்பது என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போனார். எட்டரைக்கு நான் மானியைத் திறந்தேன். குடுவையை இரண்டு முறை நிரப்பிக் கவிழ்த்து, மூன்றாம் முறையும் பிடிக்க வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு எம்.எம். சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதினேன். சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கண்மாயில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் வரவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. அதை வெட்டித் தூர்வாரும் வேலையைச் சங்கத்தின் பேரில் எடுத்திருந்தவர் தலைவர்தான். வெட்டியதாக ஒரு பலகை மட்டும் நட்டிருந்தது. பெய்த மழை எல்லாம் ரோட்டில் ஏறி ஓடைக்குப் போய்விட்டது.

அன்று பத்து மணிக்குள் ஊர் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு நேரே சைபர். அதற்குக் கீழே வெறும் கட்டம். கூடவே, ஊருக்கு வெளியே தகடு பதித்திருக்கும் சோலார் கம்பெனியை இழுத்து, தலைவர் குரலில் ஒரு செய்தி.

"வெள்ளிக்கெழம ஊரே நனஞ்சுச்சு. ரிஜிஸ்டர்ல சைபர்! ஏன்னு யோசிங்க. அங்கிட்டு சோலார் கம்பெனிக்காரனுக்கு மேகம் ஆகாது. மிசினு வச்சு மேகத்த ஓட்டுறான். கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணி ஆவியாவே போயிருது. அதுக்கு இங்கன ஒரு ஆளு எழுத்துல தொண போறாரு. பேரு நான் சொல்ல வேண்டியதில்ல."

பெயர் சொல்ல வேண்டியதில்லைதான். ஊரில் மழை எழுதுகிறவன் ஒருவன்தானே.

எட்டரைக் கணக்கு தலைவருக்குத் தெரியாதா? தெரியும். சில வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மானி பார்க்கக் கூட்டி வந்தபோது அவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் அலுவலர் பிள்ளைகளுக்கு விளக்கியதைக் கேட்டு, "அடேங்கப்பா, அப்ப நேத்தைய மழைக்கு இன்னைக்குத்தான் பேரு வைப்பீகளா!" என்று சிரித்தவர் அவர்.

3. வாய் திறக்கப் பார்த்தது

என் வீட்டுக்காரி கோபக்காரி. "அந்த எட்டரைய வாயத் தெறந்து சொல்லித் தொலைங்களேன். ஒரு வார்த்ததான?" என்றாள்.

அலுவலகத்துக்கு எதிரே கருப்பையாவின் டீக்கடை. பதினெட்டு வருடமாகத் தினமும் எட்டரைக்கு நான் புனலைத் தூக்குவதை அங்கிருந்து பார்க்கிறவன். என்னை மாப்ள என்று கூப்பிடுவான். அங்கே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

"அது வந்து... எட்டரையிலருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன மழைக்காரரே, எட்டரைக்கு பஸ்ஸா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் டீயைக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு மழையும் இல்லை. வெள்ளிக்கிழமை மழையை நம்பி விதைத்த குதிரைவாலி முளைத்து, ஒரு விரல் உயரத்தில் நின்று, நுனி கருகத் தொடங்கியது. நாட்கள் போகப் போகக் கதையும் வளர்ந்தது. நான் புனலுக்குள் ஏதோ மருந்து போடுகிறேன் என்றார்கள். கம்பெனிக்காரன் எனக்கு அருப்புக்கோட்டையில் வீடு பார்த்திருக்கிறான் என்றார்கள். அந்த வீடு எந்தத் தெருவில் என்று என் வீட்டுக்காரி பொய்யாக விசாரித்துப் பார்த்தாள். அதற்கும் பதில் வந்தது: புது வீடு, மாடி வைத்தது.

அந்த நாட்களில் மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு வரும். ஊர் ஜனங்கள் வரிசையில் வந்து மழைமானிப் புனலுக்குள் குனிந்து ஏதோ பேசிவிட்டுப் போவார்கள். சத்தம் கேட்காது. எட்டரைக்கு நான் பாட்டிலை எடுத்துக் குடுவையில் கவிழ்ப்பேன். வெள்ளையாக ஏதோ வழியும். எத்தனை எம்.எம். என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

4. குடை பிடித்து வந்த மேடம்

கார்த்திகை மாதம் ஒரு அம்மா வந்தார். வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெயர் நிர்மலா. அருப்புக்கோட்டையில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனார். ஒரே ஆள் வெகுகாலம் ஆளுகிற நாடுகளில், ஆளுகிறவர்களே கட்டிவிடும் கதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நாடுகளைப் பார்த்தாயிற்று, அதே விஷயம் ஓர் ஊருக்குள் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். சோலார்க்காரன் மேகத்தை ஓட்டுகிறான் என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தது.

வழி கேட்டு முதலில் வந்தது அலுவலகத்துக்குத்தான்.

"சார், ஊருக்குள்ள என்னக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தக் கதையில் வருகிற ஆளே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்கு ரீடிங் வேலை முடிந்ததும் கூட்டிப் போவேன். பன்னிரண்டு மணிக்கு நான் திரும்பி வந்துவிடுவேன். அதற்கு மேல் அவர் தனியாகச் சுற்றுவார். யாரிடமும் அவர் சண்டை பிடிக்கவில்லை, திருத்தவில்லை. ரெக்கார்டரை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். வெயிலுக்கு ஒரு கறுப்புக் குடை வைத்திருந்தார். இரண்டாம் நாளே அதற்கும் ஒரு கதை வந்துவிட்டது.

"மழைதான் வராதுன்னு தெரியுதுல்ல, பெறகு எதுக்குக் குடை? குடைக்குள்ள என்னமோ இருக்கு" என்றாராம் ஒருவர்.

நான் பயந்துபோய் அவரிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் அலுவலகத்துக்கு வந்து வேலி நிழலில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். அவர் நோட்டில் பக்கத்துக்கு மூன்று பத்திகள். என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், யார் முன்னால் வைத்துச் சொன்னார்கள்.

"செல்வராசு சார், ஒண்ணு கேக்கணும். காலைல எல்லாரும் சோலாரப் பத்தி மட்டும் சொல்றாங்க. மத்தியானத்துக்கு மேல அதே ஆளுங்க, ரிஜிஸ்டர்ல பொய் எழுதுற ஒருத்தரப் பத்தியும் சொல்றாங்க. காலைக்கும் மத்தியானத்துக்கும் என்ன வித்தியாசம்னு நாலு நாளா யோசிச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"காலைல நீங்க பக்கத்துல இருக்கீங்க" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டரை, வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்கு வந்த தலைவர், வரத்துக்கால். ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான். அவர் ரிஜிஸ்டரை வாங்கி வெள்ளிக்கிழமையையும் சனிக்கிழமையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் இத நம்பிட்டாங்களே மேடம்" என்றேன்.

"நம்பிட்டாங்களான்னு தெரியல. நான் போன ஒரு நாட்டுல ஒரு பெரியவர் சொன்னாரு, நம்புறது வீட்டு விஷயம், சொல்றது தெரு விஷயம்னு. ஆளுறவருக்கு நீங்க நம்பணும்னு அவசியமே இல்ல. அவர் முன்னால நீங்க அதைச் சொல்லணும். பொய்னு தெரிஞ்சே சொன்னீங்கன்னா அவருக்கு இன்னும் நல்லது. யார் தன் பக்கம்னு எண்ணிப் பாத்துக்கலாம்."

எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஊரைக் கூட்டி, அட்டையில் படம் போட்டு, தானே எட்டரையை விளக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். நீங்க வெளக்குனா நீங்களும் கம்பெனி ஆளாயிருவீக. ஏற்கெனவே குடை இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "ஆமா, விளக்க நினைச்சது என் தப்புதான்" என்றார்.

மேடத்தின் நோட்டில், யார் சொன்னார்கள் என்ற பத்தியில் கருப்பையாவின் பெயரும் இருந்தது. சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் கடைக்குப் போனேன்.

"நீயும் சொல்றியாமே" என்றேன்.

அவன் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தான். "தெனமும் பாக்குறவன் மாப்ள நான். எட்டரைக்கு நீ புனலத் தூக்குறதப் பாத்துத்தான் எம் போன்லயே டயம் வைக்கிறேன். ஆனா எம் வயலு கெடக்குறது எங்க? கடைமடையில. தலைவரு கடைக்கு வந்து உக்காந்து, 'என்ன கருப்பையா, ஒங் கூட்டாளி வேலையப் பாத்தியா'ங்குறாக. நான் என்ன சொல்லட்டும்? ஆமாங்கன்னேன். ஒரு ஆமாதான மாப்ள. எனக்கு அது ஒரு நாத்துக்குத் தண்ணி."

டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தான்.

5. குடம்

மழை தவறினால் எங்கள் ஊரில் கொடும்பாவி கட்டுவார்கள். வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்பளைப் பொம்மை. பழைய சேலை சுற்றி, தெருத்தெருவாக இழுத்து, சாவு வீடு போல ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். ஊரில் இருக்கும் பாவம் எல்லாம் அவளோடு போய் மழை இறங்கும் என்று ஐதீகம். அவளுக்குப் பெயர் கிடையாது. யார் பாவம் என்று கேட்கவும் கூடாது.

கொடும்பாவிக்குப் பங்காளி இல்லாததால் கொள்ளிக்குடம் சுமக்க ஆள் வேண்டும். வெள்ளாமைக்காரன் சுமந்தால் அவன் நிலம் காயும் என்பார்கள். மாதச் சம்பளக்காரனுக்குக் காய்வதற்கு எதுவும் இல்லை என்று, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் குடம் என் தோளுக்கு வந்துவிட்டது. பேச வேண்டியதில்லை, நடந்தால் போதும். ஊர் காரியத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அது.

அந்தக் கார்த்திகையிலும் நாள் குறித்தார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. முந்தின நாள் வேலியில் காயப்போட்டிருந்த என் காக்கிச் சட்டையைக் காணவில்லை. கருப்பையா எதிரே இருந்து கையைக் காட்டினான். போனேன்.

"நாளைக்குப் போகாத மாப்ள. ஒஞ் சட்டையத்தான் அதுக்கு மாட்டுறாக. கொளுத்தி முடிச்சதும் மனு வாசிப்பாக. மழைமானியயும் ஒன்னயும் ஊரவிட்டு எடுக்கணும்னு. எல்லாரும் அங்கனயே கையெழுத்துப் போடணுமாம்."

"நீயும் போடுவியா?"

அவன் கிளாஸ்களைக் கழுவத் திரும்பிக்கொண்டான்.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் பெயர் இல்லாதவளுக்கு என் பெயரை வைத்து, எனக்குச் சாவு எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு இந்த ஊரில் நான் யாராக நடமாடுவேன்? எரித்த ஆளிடம் யாராவது பேசுவார்களா? என் வீட்டுக்காரி குழாயடியில் யாராக நிற்பாள்? மேடத்தின் நோட்டில் இருந்த மூன்றாம் பத்தி நினைவுக்கு வந்தது. யார் முன்னால். இத்தனை நாளில் ஒருவர்கூட என் முகத்துக்கு முன்னால் அதைச் சொன்னதில்லை. நான் இல்லாத இடத்தில்தான் அது நடமாடுகிறது. நான் ஒதுங்க ஒதுங்க அதற்கு இடம் பெரிதாகிறது. கூச்சப்பட்டு நானே அதற்குத் தெருவை விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு, இருந்த இன்னொரு காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். வெயில் மஞ்சளாக இருந்தது. தெருவில் புழுதி எழுந்து அப்படியே நின்றது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. வேறு யாரோ என்னைத் தோளில் வைத்துத் தூக்கிப் போவது போல இருந்தது.

ஊர் கூடுகிற மந்தையில் எல்லோரும் இருந்தார்கள். மேடம் தூரத்தில் குடையோடு நின்றார். கொடும்பாவி கயிற்றில் கிடந்தாள். வைக்கோல் கைகள் என் சட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. பையில் நான் வழக்கமாக வைக்கும் பேனாவின் மைக்கறைகூடத் தெரிந்தது. ஒப்பாரிக்குத் தலைமை பஞ்சவர்ணம் மதினி. ஐம்பத்தைந்து வயது, ஊரில் விழுந்த எந்தச் சாவும் அவர் குரல் இல்லாமல் எழுந்ததில்லை. நான் போய்ச் சேரும்போது அவர் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இதென்ன கூத்து? கொடும்பாவி பொம்பளதான? சீலைய உருவிட்டுக் காக்கியப் போட்டிருக்கீக. போலீஸ் வேல கெடச்சுப் போயிருச்சா அவளுக்கு?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். "இந்த வருசம் ஆம்பளக் கொடும்பாவிம்மா. நீ ஆரம்பி, பொழுது போகுது."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். நான் நேராகப் போய், எல்லா வருடமும் நிற்கிற இடத்தில், கொடும்பாவியின் தலைமாட்டில் நின்றேன். ஒரே மாதிரிச் சட்டையில் அவள் கிடந்தாள், நான் நின்றேன்.

"ஒன்ன யாரு வரச் சொன்னது?" என்றார் தலைவர்.

"குடம் யாரு சுமக்குறது?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் கொழுந்தனாரே, ஒங்களுக்கு நீங்களே குடம் எடுக்க வந்தீகளா? இப்பிடி ஒரு சிக்கனத்த நான் பாத்ததில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, அது யாரோ போட்ட பழைய சட்ட. அவனுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் தலைவர்.

"அவுகளுதுன்னு நான் சொல்லவே இல்லியே" என்றார் மதினி.

தலைவர் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். மதினி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அழுகுறதுக்கு ஒரு மொற இருக்குய்யா. உசுரோட எதுக்க நிக்கிற ஆளுக்கு மாரடிச்சா அது மழைக்கு ஆகாது, என் வாய்க்கும் ஆகாது. இவுக என்ன பாவம் பண்ணுனாகன்னு இந்தா இவுக மூஞ்சிக்கு நேரா யாராச்சும் ஒரு ஆளு சொல்லுங்க. சொன்னா அழுகுறேன். பத்து ஊருக்குக் கேக்க அழுகுறேன்."

ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொரு முகமாக என் முன்னால் இருந்தது. நான் முதல் தடவையாகத் தலையைக் குனியாமல் பார்த்தேன். பயந்த முகங்களாக இருந்தன. என்னைப் போலவே இருந்தன. தோளில் குடத்துத் தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது. அந்தச் சில்லிப்பில் எனக்கு வாய் திறந்தது.

"வெள்ளிக்கெழம மழ சனிக்கெழமைல இருக்கு. எட்டரைக்கு எடுத்தா அப்பிடித்தான். அறுபத்திரண்டு எம்.எம்."

"அறுபத்திரண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கருப்பையா. "அம்புட்டுத் தண்ணியும் எங்கடா போச்சு?"

கேட்டுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் வார்த்தை விழுந்துவிட்டது. யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வரத்துக்கால் பக்கம் பார்த்தார்கள். அங்கே சீமைக்கருவேலம் காடாக, பச்சையாக, அந்த ஊரிலேயே செழிப்பான பொருளாக நின்றது. தூர்வாரியதாக நட்ட பலகை அதற்குள் பாதி மறைந்திருந்தது.

தலைவர் துண்டை உதறினார். "பொழுது சாயுது. சீலைய மாட்டி இழுங்கப்பா" என்றார், யாரோ தப்புச் செய்ததை மன்னிக்கிறவர் போல.

மதினி தன் வீட்டிலிருந்து ஒரு பழஞ்சேலை எடுத்துவரச் சொன்னார். கருப்பையா குனிந்து சட்டையைக் கழற்றி, வைக்கோலை உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு மதினி அழ ஆரம்பித்தார். பெயர் இல்லாதவளுக்கு, யாருக்கென்று இல்லாமல், அப்படி ஓர் அழுகை. நான் குடத்தோடு முன்னால் நடந்தேன். எல்லையில் கொளுத்தினார்கள். மனுவை யாரும் எடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மேடம் வந்து என் பக்கத்தில் நின்றார். ரெக்கார்டரை ஆன் செய்ய மறந்துவிட்டதாகச் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எட்டரைக்கு முன்னால் ரிஜிஸ்டரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஊரைக் கூப்பிட்டு, எந்த மழை எந்தத் தேதியில் ஏறும் என்று காட்டிவிடுங்கள். பேச வரவில்லை என்றால் வேலிக் கதவில் எழுதி மாட்டுங்கள். உங்களைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால், அது நடக்கும் இடத்துக்கு நீங்கள் போய் நிற்க வேண்டும். வாதாட வராவிட்டாலும் பரவாயில்லை. அன்று வரை பதினாறு வருடம் நான் சரியாக எழுதினேன். எழுதியதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாதி வேலைதான் பார்த்திருக்கிறேன்.

கொடும்பாவி கொளுத்திய மறுநாள் காலை எட்டரைக்கு வேலிக்கு வெளியே மூன்று பேர் வந்து நின்றார்கள். குடுவையைக் காட்டினேன். ரீடிங் சைபர். மேடம் பத்து மணி பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போனார். சாயங்காலம் சங்கத்துப் பலகையில், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற மடை முறைப் பட்டியலை மாற்றி எழுதியிருந்தார்கள். கருப்பையாவின் பெயர் கடைசியில் இருந்தது.